ஆபுத்திரன் இறங்கிய தீவு

மனிதன் செய்யும் தொழிலுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தமிழில் மிகக் கூர்மையாக எழுப்புபவன், சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் என்று துணிந்து கூறலாம். பெற்ற தாயால் கைவிடப்பட்டு, வளர்ந்த ஊராலும் விரட்டப்பட்டு, மதுரையில் பிச்சை ஏற்று அதனை வறியோருடன் பகிர்ந்து உண்டுவந்த அவனுக்குச் சிந்தாதேவி என்னும் தெய்வம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்னும் உணவுக்கலத்தை அளித்தது. பின்னர் மழை பெய்து பாண்டிநாடு செழித்தபோது, அவனிடம் கைநீட்டுவார் எவருமில்லை. பஞ்சத்தில் வாடிய சாவக நாட்டை நாடிக் கப்பலேறியவன், காற்றுக்கு ஒதுங்கிய இடமாகிய மணிபல்லவத் தீவில் இறங்க, அவன் திரும்ப ஏறிவிட்டான் என்று எண்ணிய மரக்கலத்தார் இரவிலேயே பாய் விரித்துச் சென்றுவிட்டனர். ஊரையே ஊட்டவல்ல கலம் கையிலிருந்தும் உண்பதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில் தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமில்லாத அவன், கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

அந்த மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவே என்பர் ஆய்வாளர் சிலர், மறுப்போரும் உளர். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலியவை அடங்கிய தீவகத்தின் மக்களோ அக்கதையைத் தமதாகவே கொண்டுள்ளனர். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்றே பெயர் தாங்கி நிற்கிறது. ஆனி மாதத் திருவிழாவில் பெருங்கிடாரங்களில் சோறு வெந்துகொண்டிருக்க, ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி அமர, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறி வந்த சனம் வயிறார உண்டு எழுகிறது.

தீவகத்தில் அன்புங்கூடக் கடலின் நிச்சயமின்மைக்கு உட்பட்டே வாழ்ந்திருக்கிறது. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, யானை குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கும், அதாவது அரச கருவூலத்துக்கும், எஞ்சியது உடையவனுக்கும் என்றும், சரக்குக் கலமாயின் சரிபாதி என்றும் விதித்தது. கடலோடு போனவனை எதிர்பார்த்திருப்பவளுக்கு விதி வகுக்க எந்த அரசனாலும் இயலாது. அதே காப்பியத்தில், கணவன் சாதுவன் கப்பல் உடைந்து மாண்டான் என்று கேட்டுத் தீயில் இறங்கியும் எரியாத ஆதிரை, அவன் உயிரோடிருப்பதாக ஒலித்த அசரீரியை நம்பி, அறம் செய்தபடியே காத்திருந்தாள். பிற்காலத்தில் காப்பியத் தலைவி மணிமேகலை ஏந்திய அமுதசுரபியில் முதற் பிச்சை இட்டவளும் அவளே. கொழும்பில் கடை நடத்திய தீவக ஆண்களின் மனைவியரும் அவ்வாறே காத்திருந்து பழகினர். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபின், மறுகரைக்கு வழியனுப்புவதே அச்சத்துக்குரியதாயிற்று. ஆயினும் அதே குமுதினி மீண்டும் ஓடியது. படிக்கவும் மருந்தெடுக்கவும் கடல் கடந்தேயாக வேண்டிய மக்கள் அதில் ஏறினர்.

போரால் நேர்ந்த இடப்பெயர்வுக்கும் வெளிநாட்டுக் குடிபெயர்வுக்கும் பின், புங்குடுதீவில் பூட்டிய வீடுகள் மிகுந்தன. திறந்திருக்கும் வீடுகள் சிலவற்றில் முதியவர்கள் தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் அனுப்பும் பணம் வருகிறது, அரிசிப் பானையும் நிறைந்திருக்கிறது, ஆனால் சமைத்துப் போட்டால் உண்ண ஆளில்லை. ஆபுத்திரனுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. தனக்கென்று மட்டும் உலை வைக்கும் கிழவியின் குறையைப் பணத்தால் தீர்க்க முடியும் என்று நம்புவது பெரும் பிழை. ஆகவே வரும் ஆனித் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருவோர், குறிகட்டுவானில் இறங்கியதும் நேரே யாழ்ப்பாணம் திரும்பிவிடாமல், தனித்திருக்கும் பெரியம்மாவின் வீட்டுக்கோ குஞ்சியம்மாவின் வீட்டுக்கோ முன்கூட்டியே சொல்லியனுப்பி, ஒருநாள் தங்கி, அவர்கள் கையால் சோறு வாங்கி உண்ண வேண்டும்.