வாரம் ஒரு பாட்டு – 9: முகம் இல்லாத பாட்டு

ராக் மியூசிக்னாலே தலைமுடியை ஆட்டிக்கிட்டு காட்டுக்கத்தல் கத்துறதுதான்னு நினைச்சிட்டிருக்கிற மகாஜனங்களே, இந்த வாரம் உங்களுக்காக ஒரு சோகப் பாட்டு. சியாட்டில் நகரத்துப் பேர்ல் ஜாம் குழு 1991 ஆகஸ்டில் வெளியிட்ட 'டென்' ஆல்பத்தில் ஐந்தாவதா வரும் 'பிளாக்'. காதலி போயிட்டா. கதை அவ்வளவுதான். ஓடுவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் நிமிஷம்.

முதலில் கொஞ்சம் முன்கதை. ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் அமென்டும் அதுக்கு முன்னாடி மதர் லவ் போன்னு ஒரு குழுவில் இருந்தாங்க. முதல் முழு ஆல்பம் வெளிவரப்போற சமயம், 1990 மார்ச்சில், அந்தக் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட் ஹெராயினால் இறந்துபோனார். குழுவும் அதோட முடிஞ்சது. கோஸார்ட் கிடாரைத் தூக்கிக்கிட்டு புதுசா மெட்டுப் போட ஆரம்பிச்சார். வார்த்தையே இல்லாத சில மெட்டுகளை ஒரு கேசட்டில் பதிஞ்சாங்க. அதில் ஒண்ணுக்கு வச்ச பேர் 'ஈ பாலட்'. (கொசு, ஈ எல்லாம் இல்லைங்க. கிடார்ல வர்ற 'ஈ' ஸ்வரம்!) அந்தக் கேசட் ஜாக் அயர்ன்ஸ் என்கிற டிரம்மர் வழியா சான் டியாகோவில் ஒரு பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை பார்த்துக்கிட்டிருந்த எடி வெட்டர் கைக்குப் போச்சு. கேசட்டைக் கேட்டு அவர் எழுதிப் பாடி அனுப்பினதைப் பார்த்துதான் சியாட்டிலுக்குக் கூப்பிட்டாங்க. கொஞ்ச நாளில் 'ஈ பாலட்'டுக்கும் வார்த்தை கிடைச்சது. அதுதான் 'பிளாக்'.

பாட்டு என்ன சொல்லுதுன்னு பார்த்தா, பெரிசா ஒண்ணும் சொல்லலை. அவ ஏன் போனா, யார் மேல தப்பு, எத்தனை நாள் பழக்கம், எதுவும் கிடையாது. வெறும் கேன்வாஸ், களிமண், தெருவில் விளையாடுற குழந்தைகள்னு சில காட்சிகள், பிறகு எல்லாத்து மேலயும் கறுப்பு பூசின மாதிரி ஒரு மனநிலை. கடைசியில் அவ நல்லா இருப்பான்னு அவனுக்கே தெரியுது, ஆனா தன்கூட இல்லையேங்கிறதுதான் கேள்வி. ஒரு இடத்தில்கூட அவளைத் திட்டலை. நம்மூர்ல காதல் தோல்விப் பாட்டுன்னா ரெண்டாவது சரணத்துக்குள்ள பொண்ணுங்களையே மொத்தமா வறுத்தெடுத்திருப்போம். இங்கே அது இல்லைங்கிறதே எனக்குப் பெரிய நிம்மதி.

மெட்டு ரொம்ப எளிமை. சரணம் முழுக்க 'ஈ' மேஜர், 'ஏ' மேஜர்னு ரெண்டே கார்டில் ஊஞ்சல் மாதிரி ஆடுது. கேட்க இதமா, கிட்டத்தட்ட சந்தோஷமாவே இருக்கும். மனசு உடையுற இடத்தில் அதே 'ஈ' மைனருக்கு இறங்குது. அதே வீட்டுல விளக்கை அணைச்ச மாதிரி. பிறகு மேஜருக்குத் திரும்புது, மறுபடி மைனர். கடைசி ஒரு நிமிஷத்துக்கு மேல வார்த்தையே இல்லை. சும்மா ஒரு ஹம்மிங், மேல மைக் மெக்ரெடியோட கிடார், அடியில் பியானோ. அப்படியே தேய்ஞ்சு போயிடும். முடிஞ்சதுன்னு சொல்லாம முடியும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 'டென்' மெதுவா ஆரம்பிச்சு 1992-ல் பிச்சுக்கிட்டுப் போச்சு. 'அலைவ்', 'ஈவன் ஃப்ளோ', 'ஜெரமி' எல்லாம் சிங்கிளா, அதாவது தனிப்பாட்டா வந்தாச்சு. அடுத்து 'பிளாக்'கை வெளியிட்டு ஒரு வீடியோவும் எடுத்துட்டா எங்கேயோ போயிடலாம்னு எபிக் கம்பெனி கேட்டுப் பார்த்தது. பையன்கள் முடியாதுன்னுட்டாங்க. ஒரே ஒரு ஆல்பம் போட்ட குழு, சோறு போடுற கம்பெனிகிட்ட முடியாதுன்னு சொல்றது சாதாரணமில்லை. இது ரொம்ப அந்தரங்கமான பாட்டு, வியாபாரத்தில் மாட்டினா நசுங்கிப்போகும் என்பது வெட்டரோட வாதம். ஜனங்க எங்க பாட்டுகளை வீடியோவா ஞாபகம் வச்சுக்கக்கூடாதுன்னு அமென்டும் சொல்லியிருக்கார்.

அது வெட்டி வீம்பான்னு தெரிஞ்சுக்க அதே ஆல்பத்தில் ஆறாவது பாட்டைப் பாருங்க. 'ஜெரமி'. டெக்ஸாஸில் வகுப்பறையிலேயே உயிரை மாய்ச்சுக்கிட்ட ஒரு மாணவனைப் பத்தி பேப்பரில் படிச்சுட்டு வெட்டர் எழுதினது. 1992-ல் வந்த அதோட வீடியோ, அடுத்த வருஷம் எம்டிவி விருதுகளில் நாலை அள்ளிச்சு. ஆனா துப்பாக்கியைக் காட்டுற கடைசிக் காட்சியை டிவிக்காக வெட்டினதில், அந்தப் பையன் கூடப் படிச்சவங்களைச் சுட்டுட்டான்னே நிறைய பேர் புரிஞ்சுக்கிட்டாங்க. தன்னை மாய்ச்சுக்கிட்டவன் ஊர் கண்ணுக்குக் கொலைகாரனாயிட்டான். இன்னைக்கும் 'ஜெரமி' கேட்டா என் கண்ணில் அந்த வீடியோ பையன் முகம்தான் வரும். அதுக்குப் பிறகு 1998 வரைக்கும் இவங்க வீடியோ பக்கமே போகலை.

'பிளாக்'குக்கு அந்த முகம் இல்லை. அந்தப் பொண்ணு எப்படி இருப்பா, என்ன கலர் டிரஸ், எந்த மழையில் நனைஞ்சா, யாரும் நமக்குக் காட்டலை. அதனால கேட்கிறவன் தன்கிட்ட இருக்கிற முகத்தை அங்கே வச்சுக்கிறான்.

எனக்கு அங்கே வர்ற முகம் எங்க தாத்தாவோடது. காதல் தோல்விப் பாட்டில் தாத்தா எங்கே வந்தார்னு சிரிக்காதீங்க. முதல் செமஸ்டர், நவம்பர் மாசம். அப்பா போன் பண்ணி சொல்லிட்டு, 'பரீட்சையை விட்டுட்டு வராதடா, வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்'னுட்டார். அன்னைக்கு ராத்திரி ரூம்மேட் லேப்டாப்பில் இந்தப் பாட்டு ஓடிக்கிட்டிருந்தது. அவனுக்கு அப்போ ஹைதராபாத்தில் ஒரு பொண்ணு வீட்டில் மாட்டேன்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. ஒரே பாட்டு, அவனுக்கு அவ, எனக்குத் தாத்தா. ஒரு ஹீரோயின் மழையில் ஓடுற வீடியோ இருந்திருந்தா எனக்கு அங்கே இடம் கிடைச்சிருக்குமான்னு சந்தேகம்தான்.

இதுக்காக அவங்களைப் பணமே வேண்டாம்னு சொன்ன சாமியார்களாக்க வேண்டாம். 'டென்' அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 30 லட்சம் பிரதிக்கு பிளாட்டினம் வாங்கின ஆல்பம். 'பிளாக்'கையும் ரேடியோக்காரங்க தானாவே போட்டுப் போட்டு, பில்போர்டு ராக் பட்டியலில் 3-ஆம் இடம் வரை கொண்டுபோனாங்க. 2004-ல் வந்த ஹிட்ஸ் தொகுப்பில் ரெண்டாவது தட்டு ஆரம்பிக்கிறதே இந்தப் பாட்டில்தான். ஆக, அவங்க காப்பாத்தினது பாட்டைக் கேட்கிறதிலிருந்து இல்லை. இதுதான் அர்த்தம்னு யாரோ படம் போட்டுக் காட்டுறதிலிருந்து.

எதிலிருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, முதல்ல ஆல்பத்தில் கேளுங்க. பிறகு 1992 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவான எம்டிவி அன்ப்ளக்ட் கச்சேரி. மின்சாரக் கிடார் இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்துக்கிட்டு வெட்டர் கண்ணை மூடிப் பாடுவார். கடைசியில் ஆல்பத்தில் இல்லாத ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார். 'விட்டுட்டேன்'னு ஆல்பத்தில் சொன்ன ஆள், 'எங்கே விட்டேன்'னு ஒத்துக்கிற மாதிரி இருக்கும். இந்தப் பாட்டு விட்டுவிடுறதைப் பத்தினதுன்னு பின்னாளில் அவரே சொல்லியிருக்கார். ஆனா அந்த அன்ப்ளக்ட்டைப் பார்த்தா, விட முடியாததைப் பத்தினதுன்னும் தோணும்.

மூணாவதா, ஏதாவது ஒரு பெரிய மைதானக் கச்சேரி. 2000-ஆம் வருஷ டூரில் மட்டும் 72 கச்சேரிகளை இவங்களே தனித்தனி சிடியா போட்டிருக்காங்க, பஞ்சமே இல்லை. வார்த்தை முடிஞ்சு ஹம்மிங் வர்ற இடத்தில் கூட்டம் பாட ஆரம்பிக்கும். அவங்க ஒவ்வொருத்தர் கண்ணுலயும் ஒவ்வொரு முகம் இருக்கும்னு நினைச்சுக்கிட்டே கேளுங்க. ஹெட்ஃபோன் கட்டாயம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல உத்தமம்.

கேட்டுட்டு, உங்களுக்கு அந்த முகம் யாருதுன்னு சொல்ல விருப்பம் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னாலும் சரி, அது உங்க சொத்து. அடுத்த வாரம் நிச்சயமா குத்துப்பாட்டு, சத்தியம் :)