ஒரு நாதத்தின் மேல் கொண்ட ஆசை

வாத்தியம் வாசிப்பவனிடத்தில் நாம் கொள்ளும் அபிமானம் பலவிதம். சிலர் அவனுடைய படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துத் திருப்தியடைகிறார்கள். சிலர் அவனைப் போல முடி வளர்க்கிறார்கள். வேறு சிலர் அவன் வாசித்த ஒரு துண்டு இசையை, விரல் நுனி காய்த்துப்போகும் வரையில் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுகிறார்கள். இவர்களுக்கும் அப்பால் ஒரு சிறு கூட்டம் உண்டு. அதே ஸ்வரங்களை அதே காலப்பிரமாணத்தில் தொட்டும், அவனுடைய கிட்டாரில் எழுந்த அந்தக் கரகரப்பும் கனலும் தம்முடைய கிட்டாரில் எழவில்லையே என்ற ஏக்கம் பொறுக்கமாட்டாமல், அவன் காலடியில் கிடந்த ‘பெடல்’ என்னும் சிறு பெட்டிக்குள் என்ன இருந்தது என்று விசாரிக்கத் தொடங்கி, கடைசியில் அதைத் தாமே செய்துவிடுவதென்று சோல்டரிங் அயனைக் கையில் எடுக்கிறவர்கள் அவர்கள். குருவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படிப்பட்ட ஓர் இளைஞனை அறிந்தது முதல், இந்த அபிமானத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தகப்பனார் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். தாயார் கொழுந்து எடுக்கிறவர். திருவிழாக் காலத்தில் தோட்டம் தோட்டமாகச் சென்று கோயில் முன்றலில் பாட்டுக் கச்சேரி நடத்தும் இசைக்குழு ஒன்றில் பையன் கிட்டார் வாசிக்கிறான். இந்தப் பக்கத்தில் கிட்டார் பிடிக்கிற எவனுக்கும் முதற் பரீட்சை, 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ப் பாட்டில் வரும் கிட்டார்தான், அதைப் பிசகில்லாமல் வாசித்துக் காட்டினால் குழுவிலே இடம் கிடைத்துவிடும். அதை வாசித்த விரல்கள் ஆர். சந்திரசேகருடையவை என்பதை, அந்த இசையை மனப்பாடமாக வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? இசையமைப்பாளருடைய பெயரும் பாடகருடைய பெயரும் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க, தந்தியை மீட்டியவருடைய பெயர் மட்டும் ஒலிப்பதிவுக்கூடத்தின் வாசலைத் தாண்டாமலே நின்றுவிட்டது எனக்குத் தீராத மனக்குறை. பெயர் தெரிந்திருந்தால் அபிமானம் பிறந்திருக்கும். அபிமானம் பிறந்திருந்தால் அவர் எந்தக் கிட்டாரை, எந்த ஒலிவாங்கிக்கு முன்னால், எப்படிப் பிடித்து வாசித்தார் என்ற விசாரணையும் பிறந்திருக்கும். மேல்நாட்டு இளைஞர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. அவர்களுக்கு வாத்தியக்காரனின் பெயர் தெரியும், முகம் தெரியும், அவன் மிதித்த பெடலின் நிறம் கூடத் தெரியும்.

ஆகவே நம் பையனும் தன் நாயகனைக் கடல் கடந்தே தேடிக்கொள்ளவேண்டியதாயிற்று. 1967-ல் வெளிவந்த ‘பர்ப்பிள் ஹேஸ்’ என்ற பாட்டில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்ததைக் கைபேசியில் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைவில்லை.

அந்தக் கரகரப்பின் சரித்திரமே ஒரு பழுதில் தொடங்குகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ‘டோன்ட் வொரி’ என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டாரின் ஒலி, கெட்டுப்போயிருந்த ஒரு மின்மாற்றியின் வழியாகச் சென்று, அதுவரை யாரும் கேட்டிராத விகாரத்தோடு வெளிப்பட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யாமல் அப்படியே விட்டார்கள். 1961-ல் பாட்டும் பிரபலமாயிற்று. ஒலிப்பதிவாளராயிருந்த க்ளென் ஸ்னாடியோ, வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் தக்கதாக அந்தப் பழுதை ஒரு சாதனமாக்குவதில் முனைந்தார். 1962-ல் கிப்ஸன் நிறுவனம் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்குவார் அதிகமில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஊதுவாத்தியங்கள் வந்து நிரப்பவேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளமாக மட்டும் அந்தப் பெடலை மிதித்து வாசித்த ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ உலகமெங்கும் ஒலித்த பிறகுதான், கடைகளில் தூங்கிக் கிடந்த பெட்டிகள் எல்லாம் தீர்ந்துபோயின. அதற்கு முந்திய ஆண்டிலேயே, லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற பையன், தன்னுடைய சின்னஞ்சிறு ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவர அலகால் கீறிவிட்டு அதே ஜாதிக் கரகரப்பை உண்டாக்கியிருந்தான்.

ஹென்ட்ரிக்ஸின் கதை எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிரியமானது. பிரிட்டிஷ் கடற்படைக்காக அதிர்வையும் ஒலியையும் ஆராயும் உத்தியோகத்தில் இருந்த ரோஜர் மேயர் என்ற இளைஞர், கிட்டார் மோகத்தினால் ஓய்வு நேரத்தில் பெடல்கள் செய்துகொண்டிருந்தார். வாசிக்கிற ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்தாயி ஸ்வரத்தையும் சேர்த்து எழுப்பும் அவருடைய ‘ஆக்டேவியா’ என்ற பெட்டிதான், ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டின் தனிவாசிப்பில் நாம் கேட்பது. கலைஞனுக்கும் அவனுடைய ரசிகனுக்கும் இடையே இதைவிடச் சிறந்த உறவு இருக்க முடியுமா? ஒருவன் காதால் தேடியதை மற்றவன் கையால் செய்து கொடுத்தான்.

இதெல்லாம் மேல்நாட்டு விநோதம், நமக்கெதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் தம்புராவை நினைத்துப் பார்க்கவேண்டும். குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஜீவாளி என்று ஒரு நூலிழையைச் செருகி, இம்மி இம்மியாக நகர்த்தி, தந்தியின் தனியொலிக்குள் மறைந்திருக்கும் மேற்றொனிகளை எல்லாம் கிளப்பிவிடுகிறார்களே, அது என்ன? எட்டுத் தந்தி மாண்டலினில் கமகம் சரிவரப் பேசவில்லை என்பதற்காக, ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டிய மின்சார மாண்டலினைக் கைக்கொண்டு, கர்நாடக சங்கீத மேடையில் அதற்கு ஸ்திரமான ஓர் இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தாரே மாண்டலின் ஸ்ரீனிவாஸ், அவர் செய்தது என்ன? அவ்வளவு தூரம் போவானேன். நம்முடைய தோட்டத்துத் தப்புக்காரர், சாமி புறப்படும் முன்னர், சருகைக் கூட்டிக் கொளுத்தி, தப்பின் தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, போதாதென்று மறுபடியும் காட்டி, தம் காது ‘சரி’ என்று சொல்லும் வரையில் முதல் அடி அடிக்கமாட்டார். தனக்கு வேண்டிய நாதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் அந்தப் பிடிவாதம் இந்த லயங்களில் பரம்பரையாக இருந்துவருவது.

பையன் செய்யத் துணிந்தது ஹென்ட்ரிக்ஸ் மிதித்த இன்னொரு பெடலான ‘ஃபஸ் ஃபேஸ்’. 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வட்ட வடிவில் வெளியிட்ட அந்தப் பெட்டிக்குள் இருப்பது, பார்வைக்கு அற்பமான ஒரு மின்சுற்று: இரண்டு ட்ரான்ஸிஸ்டர்கள், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், திருகுவதற்கு இரண்டு குமிழ்கள், ஒன்பது வோல்ட் பற்றரி ஒன்று. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை முதல் ட்ரான்ஸிஸ்டர் பெருக்கி இரண்டாவதனிடம் ஒப்படைக்கிறது. இரண்டாவதோ, பற்றரி கொடுக்கும் ஒன்பது வோல்டுக்கு மேல் எழும்ப இடமில்லாமையால், அலையின் முடியையும் அடியையும் தட்டையாக வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட அந்த விளிம்புகளிலேதான் முன்பில்லாத மேற்றொனிகள் பிறக்கின்றன.

122-ஆம் இலக்க பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தடையிகளையும் குமிழ்களையும் வாங்கி வந்தான். ஆதிப் பெடலில் இருந்தவை ஜெர்மானியம் ட்ரான்ஸிஸ்டர்கள். இன்றைய கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சிலிக்கன். ஜெர்மானியத்தை, பாட்டனார் காலத்து ரேடியோப் பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்தான். எல்லாவற்றையும் ஈயம் வைத்து இணைத்து, பிஸ்கட் டின் ஒன்றில் ஆணியால் துளையிட்டு, அரத்தால் ராவிச் சரிசெய்து, உள்ளே பொருத்தி, முதன்முதலாக மிதித்தபோது, விநாடிக்கு ஐம்பது முறை அதிரும் வீட்டு மின்சாரத்தின் முனகல்தான் லயம் முழுவதும் கேட்டது. டின்னின் தகரத்தையே புவித்தொடுப்போடு சேர்த்துவிட்ட பின்னர் அந்த முனகல் அடங்கிற்று, கிட்டார் பேசிற்று.

ஆனாலும் நடுப்பகலில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் பேசிற்று. தகரக்கூரையின் கீழ் வெயில் இறங்கும் வேளையில் ஒலி நெரிந்து விட்டு விட்டு வரும். பிற்பகலில் குருவிட்டவுக்கே உரிய பெருமழை கொட்டிக் காற்றுக் குளிர்ந்ததும், எதையும் தொடாமலே, நாதம் மறுபடி நிறைந்து வரும். ஜெர்மானியத்தின் குணம் அது. சூடு ஏற ஏற அதற்குள் மின்னோட்டம் வேண்டாத வழியில் கசிகிறது; ஏறக்குறைய நாலரை வோல்டில் அமைதியாக நிற்கவேண்டிய இரண்டாவது ட்ரான்ஸிஸ்டர் தன் நிலையிலிருந்து விலகிவிடுகிறது. தப்புக்கு அனல் வேண்டும். ஜெர்மானியத்துக்கோ அனல் ஆகாது. பையன் பல நாள் மீட்டரை வைத்து அளந்து பார்த்து, நிலையான ஒரு தடையியை எடுத்துவிட்டு, திருகி மாற்றத்தக்க ஒன்றை அந்த இடத்தில் வைத்தான்; இப்பொழுது கச்சேரிக்கு முன் அதைச் சற்றே திருகிக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறான். “பொஸ்தகத்துல இருக்கையில ஒன்னும் வெளங்கல சேர், சத்தம் மாறுனப்பதான் வெளங்குச்சு” என்றான் என்னிடம். விஞ்ஞானப் பாடத்தில் ட்ரான்ஸிஸ்டர் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்கவேண்டும் என்பது என் விருப்பம்.

கடையில் வாங்கிவிடலாமே என்பது வசதியுள்ளவர்கள் கேட்கும் கேள்வி. 2022-ல் ஒரு டொலர் 360 ரூபாயைத் தொட்ட நாட்களில், நூறு டொலர் பெறும் ஒரு பெடல், தீர்வையும் தபாற்செலவும் சேராமலே, 36,000 ரூபாய். 2021-ல் நிர்ணயமான 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் அது முப்பத்தாறு நாள் பேர்போட்டு உழைத்தால் வருவது. இறக்குமதி இறுகிக் கிடந்த 1970 முதல் 1977 வரையான காலத்தில், ரேடியோ திருத்துகிறவரே குழுக்களுக்கு ஒலிபெருக்கி செய்து கொடுப்பவராகவும் இருந்தார் என்று மூத்த வாத்தியக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்சாரக் கிட்டார் இந்தப் பிரதேசத்துக்குப் புதியதன்று. ஹப்புத்தளையில் 1943-ல் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, அன்னஸ்லி மாலேவனவோடு சேர்ந்து 1960களின் நடுவில் அமைத்த ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழு இரத்தினபுரி மண்ணில் முளைத்ததுதான். சிங்களப் பாட்டிலே அந்தக் கிட்டாருக்கு நிலையான ஸ்தானம் தந்தவர் அவர். தமிழிலோ நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசைக்கு வழி திறந்தார்கள்.

குயின் குழுவின் பிரையன் மேயை அந்தப் பையனுக்கு நான்தான் சொன்னேன். 1963-ல், பள்ளி மாணவனாக இருந்தபோது, தகப்பனாரோடு உட்கார்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து தம் கிட்டாரின் கழுத்தைச் செதுக்கியவர் அவர். மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்களும், பின்னல் ஊசியின் முனையும், தாயாருடைய பொத்தான்களும் அந்தக் கிட்டாரில் சேர்ந்தன. பின்னர் அவருடைய தோழர் ஜான் டீக்கன், லண்டன் தெருவில் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சுற்றுப்பலகையை எடுத்துவந்து சிறு ஒலிபெருக்கியாக்கினார். அதுவும் ஜெர்மானியந்தான், அதுவும் ஒன்பது வோல்ட் பற்றரிதான். அந்தப் பெட்டியின் ஒலி குயின் குழுவின் இசைத்தட்டுக்களில் இன்றைக்கும் இருக்கிறது.

பையன் இப்பொழுது இரண்டாவது பெடலுக்கு ஜெர்மானியம் தேடுகிறான். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இருவர் அவனிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். இரத்தினபுரி, எஹலியகொட, கேகாலைப் பக்கங்களில், ஒரு காலத்தில் இலங்கை வானொலியைக் கேட்ட ட்ரான்ஸிஸ்டர் ரேடியோக்கள் பேசாமல் பரணிலே கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கும். அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னால், பின்மூடியைக் கழற்றி, ஓசி 71 என்றோ ஏசி 128 என்றோ பொறித்த சிறு உருளைகள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் லயத்தில் கிட்டார் வாசிக்கிற பிள்ளை யாரோ அவனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். கசிவு அதிகமில்லாத இரண்டு கிடைத்தால் ஒரு பெடலுக்குப் போதும்.