முகப்பு யாருக்காக?

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பர் நம் முன்னோர். உடல்நலத்தைக் குறித்த இப்பழமொழி, அலுவலகக் கட்டடங்களுக்கு நேராகவே பொருந்துகிறது. சுவர் சரியில்லையேல், அதனுள் நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைப்பவரின் உடல் எங்ஙனம் நலமாயிருக்கும்?

இன்று நம் நகரங்களில் பழைய அலுவலகங்களைப் புதுப்பிக்கும்போது, முகப்பு முழுவதையும் கண்ணாடியால் மூடிவிடுவது வழக்கமாகி வருகிறது. வீதியில் செல்வோருக்கு அது பளபளக்கிறது. உள்ளிருப்போர் நிலை என்ன? கண்ணாடி வழியே எளிதாக நுழையும் வெயில், உள்ளே வெப்பமாக மாறியபின் எளிதில் வெளியேறுவதில்லை. வெயிலுக்கு அஞ்சித் திரையை இழுக்கிறார்கள். பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. திறவாத ஜன்னல்களுக்குள் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறார். அதிகாரியின் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. மேற்குச் சுவரோரம் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கு?

இது வெறும் கற்பனையன்று. புதிய கட்டடங்களிலும் புதுப்பித்த கட்டடங்களிலும் நூற்றுக்கு 30 வரை, உட்காற்றைப் பற்றிய முறையீடுகள் மிகுந்தவையாக இருக்கலாம் என்று 1984-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று தெரிவித்தது. புதுப்பித்தது நலத்தைக் கெடுக்கவா?

"அப்படியானால் அழகு வேண்டாமா?" எனச் சிலர் கேட்கலாம். வேண்டும். அழகும் நலமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-இல் திறக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டளவில் அதனைப் புதுப்பித்தவர்கள், அதன் 6,514 ஜன்னல்களையும் வீசி எறிந்துவிடவில்லை. பழைய கண்ணாடிகளைக் கழற்றி, அவற்றினிடையே மெல்லிய படலமும் வாயுவும் சேர்த்து, அந்தக் கட்டடத்திலேயே செப்பனிட்டு மீண்டும் பொருத்தினார்கள். வெளித்தோற்றம் மாறவில்லை; கோடை வெப்பமும் குளிர்காலக் குளிரும் ஊடுருவுவது குறைந்தது.

அது பனி பெய்யும் ஊர். வெயில் காயும் நம் ஊருக்குத் தேவை நிழல். தெற்கு ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் சாய்வாக வருவதால், அங்கே செங்குத்தான தடுப்புகள் வேண்டும். 1950-களில் சண்டிகரில் லெ கார்புசியே வடிவமைத்த தலைமைச் செயலகத்தின் முகப்பில், வெயிலைத் தடுக்கும் கான்கிரீட் தடுப்புகளே அழகாக அமைந்துள்ளன. இத்தகைய நிழலும், திறந்து மூடக்கூடிய ஜன்னல்களும் நம் பழைய கட்டடங்களுக்குக் கிடைத்தால் போதாதா?

அவ்விடங்களில் இன்று உழைப்போர் நம் பெற்றோர். நாளை உழைக்கப் போவோர் நாம். ஆகவே, கட்டடங்களைப் புதுப்பிக்கும் பெரியோர்களே! வீதியில் நின்று முகப்பைப் பார்க்குமுன், உள்ளே சென்று ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பாருங்கள். பிறகு வரைபடம் போடுங்கள்!

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி