களத்துத் தூசி இருமல்தானா?

போரடிக்கும் காலத்தில் இருமாத விவசாயி கிடையாது. நெல் தூசி, வைக்கோல் சுணை, மருந்தடிக்கும்போது மூக்கில் ஏறும் நெடி எல்லாம் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும். களத்து வேலை ஓய்ந்தால் சில நாட்களில் இருமலும் ஓய்ந்துவிடும். களம் காலியாகி, அடுத்த பட்டத்துக்கு நாற்றங்கால் விட்ட பிறகும் இருமல் நிற்கவில்லை என்றால் அதைத் தூசியின் கணக்கில் எழுதக் கூடாது. நம் கிராமங்களில் அப்படித்தான் எழுதி வருகிறார்கள்.

மாடு இரண்டு நாள் தீனி எடுக்காவிட்டால் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் செல்கிறோம். வீட்டுப் பெரியவர் இரண்டு மாதம் இருமினால் மருந்துக்கடையில் ஒரு பாட்டில் இருமல் டானிக்கோடு சரி. அறுவடை முடியட்டும், ஆடி கழியட்டும் என்று நாள் போகிறது.

நுரையீரலின் உட்பகுதியில் வலி உணரும் நரம்பு இல்லை. அங்கே வளரும் புற்றுக்கட்டி நெஞ்சுச் சுவரைத் தொடும் வரை பெரும்பாலும் வலிக்காது. தொடக்கத்தில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. ஆகவே தெரிகிற சிறு அறிகுறியைத் தவறவிடுவது பெரிய நஷ்டம்.

பீடி குடிப்பவருக்கு இருமல் பழகிப்போன ஒன்று. அவர் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. காலையில் மட்டும் வந்த இருமல் இரவிலும் வருகிறதா? சளியில் ரத்தக் கோடு தெரிகிறதா? கம்மிய குரல் மூன்று வாரமாகியும் திரும்பவில்லையா? சாப்பாடு குறைந்து அரைஞாண் கயிறு தளர்கிறதா? வரப்பேறினாலே மூச்சு வாங்குகிறதா? தோள்பட்டையில் தொடங்கிக் கையின் உட்புறமாக இறங்கும் வலியை மண்வெட்டி பிடித்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர் உண்டு. விரல் நுனி உருண்டு, நகம் கிளிமூக்காக வளைவதும் நுரையீரல் கோளாறின் அடையாளமாக இருக்கலாம்.

சிகரெட்டைவிட பீடி சாது என்று நினைப்பது தவறு. பீடி சுலபமாக அணைந்துவிடும். அதனால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. பீடியே தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. விறகடுப்புப் புகையும் ஒரு காரணம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், செலவில்லை. நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் முதலில் அதைப் பார்ப்பதே முறை. சிக்கல் அதற்குப் பிறகுதான். சளியில் கிருமி இல்லை என்றதும் 'ஒன்றுமில்லை' என்று வீடு திரும்பிவிடுகிறோம். வேறு சிலர் எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை வைத்துக் காசநோய் மாத்திரை தொடங்கி, குணம் தெரியாமலே மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இரண்டு நோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். இதில் டாக்டர்கள் மீதும் குறை உண்டு. கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. நாமும் கேட்பதில்லை. "கிருமி இல்லையென்றால் இருமல் எதனால் ஐயா? மாத்திரை ஏன் பிடிக்கவில்லை? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் அறிகுறி மட்டும் நீடித்தாலும் இதையே கேட்க வேண்டும்.

சதை எடுத்துப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் பாதியில் ஓடிவருபவர் பலர். அந்தப் பரிசோதனையில்லாமல் என்ன புற்று என்று நிச்சயிக்கவும் முடியாது, மருந்து தரவும் முடியாது. கட்டி ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போதே கண்டால் அறுவை செய்து குணப்படுத்த வழியுண்டு. மற்ற உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும்.

பணத்துக்குப் பயந்தே பலர் தயங்குகிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அந்த அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் வரை காத்திராமல் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை வருடமாக, நாளைக்கு எத்தனை பீடி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படம் பரணில் கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுத்துப் போங்கள். புதுப் படத்தோடு ஒப்பிட்டால் நிழல் புதியதா, பல வருடமாக இருப்பதா என்பது அவருக்கு விளங்கும்.