பவளத்தின் பகை கரையிலும் இருக்கிறது

முள்முடி நட்சத்திர மீன் ஒன்று ஆண்டுக்கு 10 சதுர மீட்டர் வரை உயிருள்ள பவளத்தைத் தின்றுவிடும். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1985 முதல் 2012 வரை பவளப் பரப்பு பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் 42 சதவீதத்துக்கு இந்த உயிரினமே காரணம் என்றது 2012இல் வெளியான ஆய்வு. முக்குளிப்போர் அங்கே அவற்றுக்கு ஊசி போட்டுக் கொல்கிறார்கள். அது தேவைதான், ஆனால் போதாது. வயல் உரம் மழைநீரோடு கடலில் கலந்தால் நுண்பாசி பெருகும், அதைத் தின்று இவற்றின் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இந்தப் பாடம் புதுக்கோட்டைக்கும் பொருந்தும். மணமேல்குடியும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் பாக் விரிகுடாக் கரையில் இருக்கின்றன. அதே விரிகுடாவின் தெற்கே, மண்டபம் அருகே பவளத்திட்டு உண்டு; வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகத்தில் கடற்புல் வெளி உண்டு. ஆழமில்லாத இந்தக் கடலுக்கு உரமும் கழிவும் நல்லதல்ல. பவளத்தைத் தின்னும் உயிர் பெருகிய பிறகு ஊசியோடு ஓடுவதைவிட, வயலில் அளவாக உரமிடுவதும், கழிவுநீரைச் சுத்திகரித்த பின்பே வெளியேற்றுவதும் எளிது. வேளாண் துறையும் மீன்வளத் துறையும் வனத்துறையும் இதைச் சேர்ந்து செய்ய வேண்டும்.