நாக்குழறினால் மணியைப் பாருங்கள்

நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் திடீரெனத் தள்ளாடுகிறார், பேச்சுக் குழறுகிறது. காண்போர் மதுமயக்கம் என்றெண்ணி விலகிச் செல்கின்றனர். மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகளில் சுமை தூக்கிப் பிழைக்கும் நம்மவர்மீது இவ்வெண்ணம் எளிதில் எழும். ஆயின், மதுவைத் தொடாதவருக்கும் இவ்வாறு நேர்வதுண்டு. அது பக்கவாதமாக இருக்கலாம்.

ஒரு பக்கத்துக் கைகால் விழுந்தால்தான் பக்கவாதம் என்பது பலருடைய எண்ணம். அது முழு உண்மையன்று. தலையின் பின்புறத்தில் உள்ள சிறுமூளையே அவயவங்களையும் நாவையும் ஒழுங்குபட இயங்கச் செய்கிறது. அங்கே இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, கைகாலில் பலம் குன்றாமலே நடை தடுமாறும், சொல் குழறும், தலைசுற்றலும் வாந்தியும் உடன் வரலாம்.

திருவனந்தபுரத்தில் 2005ஆம் ஆண்டு ஆறு மாத காலம் எடுத்த கணக்கில் 541 பேருக்குப் பக்கவாதம் கண்டது. இருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்தோர் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 24 பேருக்கு மேல். கிராமப்புறத்தில் 37 பேர்.

அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. அது 3 மணி நேரத்துக்குள் பயன் தருவது 1995இலும், நாலரை மணி நேரம் வரை பயன் தருவது 2008இலும் நிறுவப்பட்டன. இரத்தக் கசிவாயின் அதே மருந்து கேடு செய்யும். அடைப்பா, கசிவா என்பதைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. படமே. ஆகவே அவ்வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகச் செல்லல் வேண்டும். 108க்குச் சொன்னால் வண்டி வரும். சோடாவோ காப்பியோ புகட்டலாகாது. விழுங்கும் திறன் குன்றியிருப்பின் மூச்சடைக்கும். படம் எடுக்குமுன் ஆஸ்பிரின் மாத்திரையும் கூடாது.

அயலூரில் வாழும் நமக்கு மற்றோர் இடரும் உண்டு. மலையாள வைத்தியருக்கு நம் தமிழ் ஓரளவு புரியும். ஆனால் குழறிய தமிழுக்கும் இயல்பான தமிழுக்கும் உள்ள வேற்றுமை அவர் செவிக்கு எளிதில் எட்டாது. பேச்சு கெட்டிருப்பதை வீட்டாரே அறிவர். எனவே அவர்களுள் ஒருவர் உடன் சென்று, "இவருடைய இயல்பான பேச்சு இதுவன்று, இன்ன மணி வரையில் நன்றாக இருந்தார்" என்று சொல்லுதல் வேண்டும். வண்டி வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவதுபோல் அம்மணியைத் தாளில் குறித்துக்கொள்வது நலம். தூங்கி எழுந்தபோது கண்டதாயின், படுக்கும்போது எப்படியிருந்தார் என்பதைச் சொல்லுக.

சிறிது நேரத்தில் தானே தெளிந்துவிட்டாலும் வாளாவிருத்தல் கூடாது. அது வரவிருக்கும் பெருநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துவருவது வருமுன் காக்கும் வழி.

தெருவில் தள்ளாடும் ஒருவரைக் கண்டால், இகழுமுன் அருகிற்சென்று பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்போமாக.