பெருவிரல் போதாது

கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. கர்ணத்தின் அதிகாரம் ஒழியவில்லை. கணக்கு ஒருத்தன் கையில், கைகட்டி நிற்பவன் இன்னொருத்தன் என்கிற பழைய ஏற்பாடு இப்போது கணினித் திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பட்டா, சிட்டா, ஆதார், முதியோர் உதவித்தொகை எல்லாம் அங்கேதான். செய்யூர்ப் பக்கத்துச் சேரிகளில் அறுபது தாண்டிய நம் பெரியவர்கள் அதன் முன்னால் பெருவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நான் தினமும் பார்ப்பது இதைத்தான். "பணம் வந்துச்சா பாரு தம்பி" என்று கேட்கிற ஆயாவுக்குத் தன் காசு எவ்வளவு என்று தெரிய அடுத்தவர் வாய் வேண்டும். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் ஒரே உறைக்குள், பக்கத்து வீட்டுப் பையன் கையில். "பேங்க்லேருந்து பேசறோம்" என்று எவனாவது போனில் அதட்டினால் ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். அதட்டலுக்குப் பணிந்தே பழக்கப்படுத்தப்பட்ட தலைமுறை வேறென்ன செய்யும்?

1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கம் குறிவைத்த வயது 15 முதல் 35. கிராமங்களில் கணினி கற்பிக்க மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த திட்டத்தில் 14 முதல் 60. அதுவும் 2024 மார்ச்சோடு முடிந்துபோனது. 1950இல் பிறந்த நம் அம்மாவுக்கு முதல் திட்டம் வந்தபோது வயது 38, அடுத்தது வந்தபோது 67. இரண்டு கணக்கிலும் அவர் இல்லை.

"வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு?" என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் தொண்டர்கள் நூறுநாள் வேலை நடந்த இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022இல் அந்த ஊராட்சியே கற்று முடித்தது. 2025 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கக் கற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அறுபது தாண்டியவர்களும் அதில் உண்டு.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. பறிபோன அந்த நிலத்தைக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். எந்த நிலம், எது எல்லை, யார் உழுதது என்பது நம் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. 'அ' பதிவேடு இணையத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்களால் முடியவேண்டும்.

மாணவத் தோழர்களே, நீங்கள் செய்து கொடுக்காதீர்கள், சொல்லிக் கொடுங்கள். போனை வாங்கி நீங்களே தட்டி முடித்தால் நீங்களும் ஒரு சின்னக் கர்ணம்தான். எழுத்தைப் பெரிசாக்கி வையுங்கள். எழுத்து தெரியாதவருக்கு மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசித் தேடக் காட்டுங்கள். ஒருநாளைக்கு ஒன்று போதும். நாலுதரம் மறந்தால் அஞ்சாந்தரம் சலிக்காமல் சொல்லுங்கள். சர்வே எண்ணை நோட்டில் எழுதி வைக்கட்டும். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது, என்னைப்போல வங்கியில் இருக்கிறவனுக்கும்தான். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் பேசவேண்டும்.

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் ஒரு பெரியவரோடு உட்காருங்கள். அவர் பெயரில் இருக்கிற பட்டாவை அவர் விரலே தேடி எடுக்கிறவரை எழுந்திருக்காதீர்கள்.